இடது தோளுக்கு ஒரு துவக்கு

மே 12, ஞாயிறு

விடிய எழும்பிப் போனபோது இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. இரண்டும் நேற்றுப் பிறந்தவை. ஒன்றுக்குக் கழுத்தில் கடி. மற்றதின் பின்னங்கால் பக்கத்தையே காணவில்லை. தாய் ஆடு நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறி நக்கிக்கொண்டிருந்தது. நான் பிடித்து இழுத்த பிறகுதான் விலகியது.

பக்கத்துக் காணிக்காரர் கிரேக்கைக் கூப்பிட்டோம். இந்த நாட்டுக்கு வந்து இந்த நாற்பது ஏக்கரை வாங்கி ஆடு வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து எதற்கும் அவரைத்தான் கூப்பிடுவது. ஆட்டுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க எங்களுக்குப் பழக்கியதே அவர்தான். மனைவி போனபின் தனி மனிதர். அவரும் டஸ்ரி என்கிற அவருடைய நாயும். இன்றைக்கு டஸ்ரியை வாகனத்திலேயே கட்டிவிட்டு இறங்கினார். குனிந்து காயங்களை நெடுநேரம் பார்த்தார்.

"நரி," என்றார். "சுட ஒரு துவக்கு வாங்குங்கள். ருசி கண்ட நரி விடாது."

என் கணவர் நிர்மலனுக்கு அதைக் கேட்டதும் உசார் வந்துவிட்டது. "நானும் கன நாளாச் சொல்லுறன். ஒண்டு எடுப்பம், தர்மி."

"வேண்டாம்."

"ஏனப்பா?"

"வீட்டில பிள்ளை இருக்கு."

சாகித்யாவுக்கு ஒன்பது வயது. நல்ல காரணம்தான். குட்டிகளை வேலிக்கரையில் குழி வெட்டித் தாட்டுவிட்டு வந்து பருப்புக் காய்ச்சினேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

நித்திரை வராவிட்டால் எழுதிப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லி வாங்கிய கொப்பி இது. எழுதிவிட்டேன். பார்ப்போம்.

மே 14, செவ்வாய்

மழை. ஒன்றும் சாகவில்லை.

மே 19, ஞாயிறு

இன்னும் ஒன்று. வெள்ளைப் புள்ளி போட்ட பெட்டைக் குட்டி. சாகித்யா அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தாள்.

நிர்மலனுக்கு வெரிங்கா ரவுனில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் வருவார். குட்டிகள் சாவது காலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில். வேலை நாட்களில் அந்த நேரம் இந்தக் காணியில் இருக்கிற பெரிய ஆள் நான் ஒருத்திதான்.

"லைசென்ஸ் உம்மட பேரிலதான் எடுக்க வேணும்," என்றார்.

"எனக்குத் துவக்கெண்டாப் பயம்."

"எனக்கு மட்டும் பயமில்லையே? பழகலாம்."

"என்னால ஏலாது."

"பழகாமலே எப்பிடித் தெரியும்?"

நான் எழும்பிப்போய்க் காய்ந்த உடுப்புகளை மடித்தேன். மடித்தவற்றை உதறித் திரும்பவும் மடித்தேன். சாகித்யா பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு வந்து, "கழுதை வளர்த்தால் நரி வராதாம், அம்மா," என்றாள். நிர்மலன் சிரித்தார். எனக்குக் கழுதை நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் கழுதை தேடி எங்கே போவது? அதற்குள் இன்னும் பத்துத் தாய் ஆடுகள் ஈன்றுவிடும்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

மே 25, சனி

துவக்குக் கழகத்தில் பாதுகாப்பு வகுப்பு. மூன்று மணித்தியாலம். பதினொரு பேர். பெண்கள் நானும், பண்ணை மகள் ஒருத்தியும். படிப்பித்தது பமேலா என்று ஒரு பருத்த மனுசி. நல்ல பகிடிக்காரி.

தொடங்கும்போதே, "இதற்கு முன் துவக்குப் பிடித்தவர்கள் கையை உயர்த்துங்கள்," என்றாள். ஏழு கைகள் உயர்ந்தன. நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழகத்துப் படிவத்திலும் அதே கேள்வி இருந்தது. 'முன்பு பயிற்சி பெற்றதுண்டா?' இல்லை என்ற பெட்டியில் கோடு போட்டேன். பேனை மை விடவில்லை. இரண்டு தரம் போட வேண்டியிருந்தது.

சோதனையில் முப்பது கேள்விகளுக்கும் சரியாக எழுதியிருந்தேனாம். பமேலா எல்லோருக்கும் முன்னால் சொல்லிக் கைதட்டினாள். ஒன்றிரண்டைப் பிழையாக எழுதியிருக்கலாம்.

யூன் 8, சனி

பெரிய ரவுனுக்குப் போய்த் துவக்குக் கடையைப் பார்த்தோம். லைசென்ஸ் வர இன்னும் வாரக்கணக்கில் ஆகும், இப்போதே எதை எடுப்பது என்று முடிவு செய்து வைக்கலாம் என்று நிர்மலன் அவசரப்பட்டார். சாகித்யாவைச் சிநேகிதியின் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

கடைக்காரர் றொஜர், தாடி வைத்த அமைதியான ஆள். நரிக்கும் முயலுக்கும் 'ருவென்ரி ரூ' என்கிற சின்ன ரகத் துவக்குப் போதும் என்றார். சுண்டுவிரலின் நுனிக் கணு நீளமான துவக்கு ரவை. உள்ளங்கையில் ஐந்தாறு போட்டுக் காட்டினார். வேர்க்கடலைக் கோது போலப் பாரமில்லாமல் கிடந்தன. சத்தமும் சின்னதுதானாம், ஆடுகள் வெருளாதாம்.

மூன்று விதம் எடுத்து வைத்தார். முதலாவது, ஒவ்வொரு வெடிக்கும் வலப்பக்கத்துக் குமிழைத் தூக்கிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிற போல்ட் துவக்கு. எல்லோரும் வாங்குவது அதுதானாம், குறியும் திறமாம். இரண்டாவதும் அதே விதம்தான், ஆனால் முழுக்கக் கறுப்புப் பிளாஸ்ரிக். அடியில் வளைந்த ரவைக்கூடு. நிர்மலன் அதைத் தூக்கி, "பாரும், என்ன வடிவு!" என்று என்னிடம் நீட்டினார்.

நான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருவில் ஒரு மனிதர் வாகனம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் நாலு சில்லும் கழுவி முடிக்கும்வரை நின்று பார்த்தேன்.

திரும்பி உள்ளே போனபோது மூன்றாவது துவக்கு மேசையில் இருந்தது. லீவர் துவக்கு. விசையைச் சுற்றி ஒரு பெரிய இரும்பு வளையம். கையை அந்த வளையத்துக்குள் விட்டுக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த ரவையின் கோது வெளியே விழுந்து புது ரவை ஏறும். குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய். ரவைகள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கிடக்கும். மற்றதெல்லாம் மரம். மண்ணிற மரம், கதிரைக் கால் மாதிரி.

தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார் றொஜர். வைத்தேன்.

"இடக்கையா நீங்கள்?"

"ஓம்," என்றேன்.

"அப்படியானால் இதுதான் உங்களுக்கு. போல்ட் வலப்பக்கத்தில் இருக்கிறது, இடது தோளில் வைத்துக்கொண்டு அதை இழுப்பது கரைச்சல். லீவர் நடுவில் இருப்பதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான்."

கொடுக்கும்போது லீவரைத் திறந்து உள்ளே ரவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீட்டினேன். "நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்," என்றார். வகுப்பில் சொல்லித்தந்தார்கள்தானே.

வரும் வழியில் நிர்மலன் வானொலியை நிற்பாட்டினார். பிறகு, "நீர் வலக்கையாலதானே எழுதுறனீர்?" என்றார்.

"வலத் தோள் நோகுது. தெரியுந்தானே."

"அந்தத் தகரம் வெட்டின இடமோ?"

"ஓம்."

ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் கூரைத் தகரம் விழுந்து வெட்டிய காயம் அது. கலியாணம் செய்த புதிதில் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

யூன் 9, ஞாயிறு

லீவர்தான் எடுப்பது என்று சொல்லிவிட்டேன். கறுப்பு நல்லதல்லவா, இது பழங்காலத்துச் சாமான் போல இருக்கிறதே என்றார் நிர்மலன். புதிதாய்ப் பிறந்த குட்டியின் பாரம்தான் இருக்கிறது, தூக்க லேசு என்றேன். இடது தோளுக்கு வாய்ப்பு என்றேன். மழையில் கை விறைத்திருந்தாலும் வளையத்தைத் தள்ளலாம், சின்னக் குமிழைத் தேட வேண்டியதில்லை என்றேன். இவ்வளவு காரணம் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு ரவைக்கும் கை ஒருதரம் போய் வரவேண்டும். அதற்குள் ஒரு மூச்சு விடலாம். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

யூன் 20, வியாழன்

குட்டிகள் இரண்டு. இம்முறை தின்னவே இல்லை. கடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நரி பசிக்குத்தானே பிடிக்கும்?

கிரேக்கிடம் கேட்டேன். "சில நரி அப்படித்தான்," என்றார். தேநீரை முடிக்காமலே வெளிக்கிட்டார்.

யூலை 6, சனி

லைசென்ஸ் வந்துவிட்டது. துவக்கை வாங்க இன்னொரு அனுமதி வரவேண்டுமாம். அதற்கிடையில் கழகத்தின் லீவர் துவக்கில் சுட்டுப் பழகலாம் என்று பமேலா வரச்சொன்னாள். நிர்மலனும் சாகித்யாவும் பின்னால் மர வாங்கில் இருந்து பார்த்தார்கள்.

ஐந்து ரவை சுட்டேன். ஒன்றும் வட்டத்தில் படவில்லை.

பமேலா கடதாசியைக் கழற்றிக்கொண்டு வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். வட்டத்துக்கு வெளியே, இடது மேல் மூலையில் ஒரே ஒரு ஓட்டை, பெருவிரல் நகமளவு. "ஐந்தும் ஒரே ஓட்டைக்குள்ளால் தப்பிப் போயிருக்கிறது! குறி பார்க்கிற தகடு கோணியிருக்க வேண்டும்," என்று சொல்லித் தானே எடுத்து மூன்று சுட்டாள். மூன்றும் நடுவில் பட்டன.

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். கடதாசியை நாலாக மடித்து என்னிடம் தந்தாள். "அடுத்த முறை நடுவில் சுடுங்கள், அன்பே. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்."

"என்னவாம்?" என்றார் நிர்மலன்.

"பழகினால் சரிவருமாம்."

யூலை 20, சனி

நல்ல நாள். கறுத்த ஆடு மூன்று குட்டி போட்டது. மூன்றாவது பின்பக்கமாக வந்து சிக்கிவிட்டது. கிரேக் ஓடிவந்து கையை உள்ளே விட்டுத் திருப்பி இழுத்தெடுத்தார். மூச்சில்லை. காலைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி மூக்கில் வைக்கோலால் கிண்டினார். தும்மியது. சாகித்யா அழுதுவிட்டாள்.

டஸ்ரி படலையடியில் படுத்திருந்தது. சாகித்யா பிஸ்கட் கொடுத்துக் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். ஆடுகள்தான் அதைக் கண்டு ஒதுங்கிக் காலை நிலத்தில் அடித்தன. முன்பெல்லாம் அப்படிச் செய்வதில்லை. குட்டிகள் நிற்பதால் இருக்கும் என்றார் கிரேக். உடனேயே நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஓகஸ்ட் 3, சனி

துவக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. களஞ்சிய அறைச் சுவரோடு இரும்புப் பெட்டியைத் திருகாணி போட்டு இறுக்கினோம். அதைத் திறக்கிற திறப்பு என்னிடம் மட்டும்.

நிர்மலன் துவக்கோடு என்னை நிற்க வைத்துப் படம் எடுக்கப் பார்த்தார். கனடாவில் உள்ள தமக்கைக்கு அனுப்பவாம். "எடுக்காதேங்கோ," என்று நான் கத்திய சத்தத்தில் சாகித்யா உள்ளே இருந்து ஓடிவந்தாள்.

ஓகஸ்ட் 12, திங்கள்

மூடுபனி. காலை ஆறே முக்காலுக்கு ஆடுகள் கத்தின. துவக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கீழ்க் காணியில் குட்டியை ஏதோ உலுப்பிக்கொண்டிருந்தது. ஒரு ரவை சுட்டேன். விழுந்துவிட்டது.

கிட்டப் போனபோது டஸ்ரி.

பனிக்குள் நரியா நாயா என்று தெரியவில்லை.

கிரேக் வந்தார். நான்தான் கூப்பிட்டேன். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். குட்டியின் இரத்தம் நாயின் வாயெல்லாம். அதைத் தன் கைலேஞ்சியால் துடைத்தார். "இந்தப் பனியில் யாருக்கும் தெரியாது," என்றார். "உன் பிழையில்லை." குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார். வாகனம் வரை நான் பின்னால் நடந்தேன்.

சாகித்யா வெடிச் சத்தத்தில் எழும்பி வந்து எல்லாவற்றையும் கண்டுவிட்டாள். "அம்மா, டஸ்ரி எண்டு தெரியாமலா சுட்டனீங்கள்?"

"தெரியாமல்தான், குஞ்சு."

ஓகஸ்ட் 13, செவ்வாய்

நேற்று எழுதியது பொய்.

சிவப்புக் கழுத்துப்பட்டி தெரிந்தது. நான் படலையைத் திறந்த சத்தத்தில் அது குட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. நான் யாரென்று அதற்குத் தெரியும். வாலை ஆட்டியது. குட்டி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு டஸ்ரி திரும்பவும் குனிந்து அதைக் கவ்வியது. லீவரைத் தள்ளி இழுத்தேன். ஒரு மூச்சு விட நேரம் இருந்தது. விட்டேன். சுட்டேன்.

கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். 'டஸ்ரி' என்று ஒரு சொல். அது என் வாயில் வரவில்லை, கைதான் முந்தியது.

இன்றைக்கு வேலை முடிந்து வந்த நிர்மலன் நேரே கீழ்க் காணிக்குப் போனார். இரத்தம் கிடந்த இடத்திலிருந்து படலை வரை கவடு வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுபத்தாறு கவடு," என்றார் உள்ளே வந்து. "பனி. ஓடிப்போய் நிண்ட மூச்சு. ஒரே ஒரு ரவை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில எண்டு கிரேக் சொன்னார். கழகத்தில ஐஞ்சும் வெளிய போச்சு." கதிரையை இழுத்து இருந்தார். கோபம் இல்லை, பயந்தவர் மாதிரிக் கேட்டார். "தர்மி, நீர் ஆர்?"

சோறு அடிப்பிடிக்குது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அடுப்பில் சோறு இருக்கவில்லை.

ஓகஸ்ட் 16, வெள்ளி

திரைச்சீலைகள் எல்லாம் கழற்றித் தோய்த்தேன். களஞ்சிய அறையைக் கழுவினேன். இரும்புப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று ஐந்து தரம் பார்த்தேன்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

ஆறு நாளாக ஒரு குட்டியும் சாகவில்லை.

ஓகஸ்ட் 21, புதன்

சாகித்யா எல்லோருக்கும் சொல்கிறாள், அம்மாவுக்குப் பனியில் தெரியவில்லை என்று. கடையில் காசாளரிடம், பள்ளிக்கூடப் பேருந்துச் சாரதியிடம். எனக்காக வாதாடுகிறாள். அந்தச் சாரதி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "யாருக்கும் நடக்கக்கூடியது," என்றார்.

எனக்கு இருக்க முடியவில்லை, நிற்க முடியவில்லை. வேலியைச் சுற்றி நடந்தேன். சுற்றி முடிந்ததும் மற்றப் பக்கமாகச் சுற்றினேன்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

முதலில் சாகித்யாவிடம் சொன்னேன். அவள் கட்டிலில் இருந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"குஞ்சு, எனக்கு அது டஸ்ரி எண்டு தெரியும்."

அவள் விரலை வாயிலிருந்து எடுத்தாள். "அப்ப நான் சொன்னதெல்லாம் பொய்யா?"

"நீ சொன்னது பொய்யில்லை. நான் உனக்குச் சொன்னதுதான் பொய்."

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு கிரேக் வீட்டுக்கு நடந்தேன். ஒரு மைல் இருக்கும். வாசலில் இன்னும் நாயின் தண்ணீர்ச் சட்டி. கதவைத் திறந்தவரிடம், உள்ளே போகாமலே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பட்டி தெரிந்தது. வால் ஆட்டியது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அவருடைய முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "வீட்டுக்குப் போ," என்றார். கதவைச் சாத்தினார்.

போகத்தான் வேண்டும். போனேன்.

செப்ரெம்பர் 7, சனி

காலையில் எல்லை வேலியடியில் சுத்தியல் சத்தம். கிரேக் புதுக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். நிர்மலன் போய் மற்ற முனையைப் பிடித்தார். நான் தேநீர் கொண்டுபோனேன். தேநீர்ப் போத்தலை வாங்கும்போது கிரேக் என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

"மே மாதத்திலேயே எனக்குத் தெரியும்."

நிர்மலனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அன்று விடிய அது நெஞ்செல்லாம் இரத்தத்தோடு வந்தது. ஏதாவது கங்காருவைக் கடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குளிப்பாட்டிவிட்டேன். உங்கள் குட்டிகளின் காயத்தைப் பார்த்தபோது நிச்சயமாகத் தெரிந்தது. நரி என்று சொன்னேன். அதன்பிறகு கட்டி வைத்தேன், அது கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு போனது. மூன்று தரம் குளிப்பாட்டியிருக்கிறேன்." கம்பியை முறுக்கினார். குறடு வழுக்கியது. "துவக்கு வாங்கச் சொன்னதே நான்தான். நான் செய்யவேண்டியதை யாராவது செய்யட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. பனி என்று சொன்னபோது உன்னைக் காப்பாற்றவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்."

நிர்மலன் மற்றக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் பின்னேரம் வரை வேலி கட்டினோம். கிரேக் போகும்போது, சாகித்யா விரும்பினால் வந்து கோழிகளைப் பார்க்கலாம் என்றார். அவள் உடனே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடினாள். என்னோடு இன்னும் அளந்துதான் கதைக்கிறாள்.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

கிரேக் சொன்னதற்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பின்னேரம் நிர்மலன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் இருந்தேன்.

"பதினேழு வயசில என்னை இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போனவை. சந்தியில. அம்மாவுக்குப் பனடோல் வாங்கப் போனனான்."

அவர் கத்தியை வைத்தார்.

"எவ்வளவு காலம்?"

"ஐஞ்சு மாசம். பிறகு தோளில வெடி பட்டிட்டுது. காயக்காரரோட விட்டிட்டினம். அதாலதான் தப்பினன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"காயம் வட்டமாக் கிடக்கு, தர்மி. தகரம் வட்டமா வெட்டாது. பத்து வருசமாப் பாக்கிறன்." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். வெங்காயம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. "பட்டிருக்கு எண்டு தெரியும். சனத்துக்கெல்லாந்தானே பட்டது. நீர் துவக்குப் பிடிச்சிருக்கிறீர் எண்டுதான் தெரியாது. கவடு எண்ணின அண்டைக்குத்தான் விளங்கிச்சு."

"ஏன் பிறகு கேக்கேல்லை?"

"கேட்டனான். நீர் சோறு அடிப்பிடிக்குது எண்டீர்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஆரையும்...?"

"ஓம்."

வெங்காயத் தோலைப் பொறுக்கி ஒன்று சேர்த்தார். "துவக்கைத் திருப்பிக் குடுப்பமா?"

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். "வேண்டாம். நரி உண்மையாவே ஒரு நாளைக்கு வரும். குடுத்தால், நடந்ததுக்குத் துவக்குத்தான் காரணம் எண்டு ஆயிடும்."

"சரி."

"முழுக்கச் சொல்லவா?"

"சொல்ல ஏலுமெண்டாச் சொல்லும். ஏலாதெண்டா உந்தக் கொப்பியில எழுதும். வாசிக்கச் சொன்னால் வாசிக்கிறன்."

எழும்பி என் தலையில் கையை வைத்தார். கை முழுக்க வெங்காய மணம். அப்படியே சற்று நேரம் வைத்திருந்தார்.

2008, மார்கழி. திகதி நினைவில்லை

எனக்குப் பயிற்சி தந்தது இருபத்திரண்டு நாள். குறி நன்றாக வந்ததால் மற்றப் பிள்ளைகளிலிருந்து பிரித்து முன்னுக்கு அனுப்பினார்கள். குளத்துக்கட்டில் படுத்திருந்தோம், நானும் எனக்குப் பொறுப்பான அக்காவும். அவவுக்கு இருபது வயதிருக்கும். மழை விட்டுக் குளிர். விடியப் பனி கிளம்பி அக்கரையை மூடிவிட்டது. பிறகு காற்று வந்து கொஞ்சம் விலகியது.

அக்கரையில் ஒருத்தன் இறங்கி வந்தான். இராணுவக் காற்சட்டை, மேலே வெறும் பெனியன், தோளில் துவாய். கையில் துவக்கில்லை. தண்ணீரின் ஓரத்தில் குந்தினான். தன்பாட்டில் ஏதோ பாடினான். சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்தது, சொல் விளங்கவில்லை. என் வயதுதான் இருக்கும், மிஞ்சினால் ஒரு வயது கூட.

"தெரியுதோ?" என்று அக்கா கேட்டா. அவ இருந்த பக்கம் பனி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவவும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டா. எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குக் குளிரும் பசியும்தான்.

"தெரியுது," என்றேன்.

"அப்ப அடி."

அடித்தேன். "பட்டதோ?" என்று கேட்டா. பனிக்குள் தெரியவில்லை என்றேன். அதையே அன்றைக்கு அவவுக்குச் சொன்னேன், பிறகு முகாமில் கேட்டவர்களுக்குச் சொன்னேன், இரவில் எனக்குச் சொன்னேன்.

பட்டது. அவன் பல் தீட்டிக்கொண்டிருந்தான். பிரஷ் கையிலேயே இருந்தது. வாயெல்லாம் வெள்ளை நுரை. தண்ணீர் அள்ள மற்றக் கையை நீட்டியிருந்தான். இன்னும் வாய் கொப்பளித்திருக்கவில்லை.